துப்பறிபவனுக்குத் தன் பெயர் மறந்துவிட்டது

பிணம் ஏழு நாளாக மரத்தில் தொங்குகிறது. விடுதிக்குப் பின்னால், நாலு பேர் போய்வருகிற முற்றத்தில். நாற்றம் தாங்கவில்லை. பொடியன் ஒருத்தன் அதன் மேல் கல்லெறிந்து விளையாடிக்கொண்டிருக்கிறான். செத்தவன் உடம்பில் கிடந்த கவசத்தை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இறக்கிப்போட ஒருத்தரும் வரவில்லை. யார் செய்தது என்று கேட்டால் ஊரில் பாதி வாயைத் திறப்பதில்லை. ஊர்ச்சண்டியர் கூட்டமோ 'நாங்க எல்லாருமாச் சேந்துதான் செஞ்சோம், என்ன பண்ணுவே' என்கிறது.

உண்மை அறியும் குழுக்களின் அறிக்கைகளைப் படித்துப் பழகிய தோழர்களுக்கு இதில் புதுசாக ஒன்றும் இருக்காது. ஆனால் நான் சொல்வது ஒரு வீடியோ கேமின் தொடக்கம். பெயர் 'டிஸ்கோ எலீசியம்'. 2019 அக்டோபரில் வெளிவந்தது. செய்தவர்கள் எஸ்தோனியா நாட்டுக்காரர்கள். தலைமை எழுத்தாளர் ராபர்ட் குர்விட்ஸ் 2013இல் இதே கற்பனை உலகத்தை வைத்து ஒரு நாவல் எழுதினார். ஆயிரம் பிரதி வாக்கில்தான் விற்றதாம். (நம் சிற்றிதழ்க் கணக்குக்கு அது பெரிய விற்பனை. அவர் அதைத் தோல்வி என்று நினைத்துக்கொண்டார்.) நாவல் போகாததால் கேம் செய்யலாம் என்று இறங்கினார்கள்.

வீடியோ கேமுக்கெல்லாம் இந்தப் பக்கங்களில் இடமா என்று சில தோழர்கள் முகம் சுளிப்பார்கள். சினிமாவைப் பற்றி எழுதியபோதும் இப்படித்தான் சுளித்தார்கள். திருப்பூரில் ஒன்றரை ஷிப்டு முடித்து ரூமுக்கு வருகிற பையன் சோறு தின்றுவிட்டுக் கையில் எடுப்பது நம் இதழை அல்ல, போனை. அதில் அவன் என்ன விளையாடுகிறான், அந்தக் கதைகள் அவன் தலைக்குள் எதைப் போடுகின்றன என்று பார்க்காமல் 'மாற்றுக் கலாச்சாரம்' என்று பேசிக்கொண்டிருப்பதில் பிரயோசனமில்லை.

எனக்கு இதைக் காட்டியது அக்கா மகன். பிரிண்டிங் பட்டறை ஒன்றுக்கு டிசைன் போடுகிறவன், பழைய லேப்டாப் ஒன்று வைத்திருக்கிறான். 'மாமா, இதுல சுடறது வெட்டறது கெடையாது, படிச்சுக்கிட்டே இருக்கோணும்' என்றான். உண்மைதான். பத்து லட்சம் சொல்லுக்கு மேல் இருக்கிற கேம் இது. எல்லாம் இங்கிலீசு. தமிழில் கிடையாது. பல ஐரோப்பிய மொழிகளிலும் சீனத்திலும் கொரிய மொழியிலும் போட்டிருக்கிறார்கள். சர்க்கார் பள்ளிக்கூடத்து இங்கிலீசை வைத்துக்கொண்டு நானும் அவனும் மாற்றி மாற்றிப் படித்து நாலு ஞாயிற்றுக்கிழமை ஓட்டியிருக்கிறோம். முடிவு வரை போகவில்லை. ஆகையால் இது முழு விமர்சனம் இல்லை. முதலில் பட்டதைச் சொல்கிறேன். கதையில் ஒரு முக்கியமான முடிச்சை அவிழ்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது, விளையாடப்போகிறவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கதாநாயகன் போலீஸ் அதிகாரி. துறைமுகப் பகுதி ஒன்றில் தொங்குகிற பிணத்தை விசாரிக்க வந்தவன். வந்த இடத்தில் மூன்று நாள் குடித்துக் கூத்தடித்து, விடுதி அறையைச் சூறையாடி, தரையில் கிடந்து கண் விழிக்கிறான். கழுத்துப்பட்டை மேலே மின்விசிறியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவனுக்குத் தன் பெயர் நினைவில்லை. முகம் நினைவில்லை. என்ன வேலை பார்க்கிறோம், எந்த நாட்டில் நிற்கிறோம் என்பதும் நினைவில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்கிறான்.

இந்த இடத்தில் எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. அப்புறம் கொஞ்சம் எரிச்சல். தன்னை மறந்துபோகிற சொகுசு யாருக்குக் கிடைக்கும்? இதே ஆளை அவிநாசிப் பக்கம் ஒரு கிராமத்தில் நினைவு தப்பிக் கண் விழிக்க வையுங்கள். டீக்கடைக்குப் போகிறான். 'ஏனுங்க, எந்தூருங்க? ஆரூட்டுக்கு வந்தீங்க? எந்த வளவுங்க?' அவன் பதில் சொல்லாமல் முழித்தாலும் பரவாயில்லை. நிற்கிற நிலை, பேச்சு, செருப்பு, எந்தத் தெருவிலிருந்து நடந்து வந்தான் என்பதை வைத்து மூன்றாவது கேள்விக்குள் டீக்கடைக்காரர் ஒரு முடிவுக்கு வந்திருப்பார். பேரு ஊரு அப்புறம் மெதுவாக ஞாபகத்துக்கு வரட்டும். கண்ணாடி கிளாசா பேப்பர் கப்பா என்பது அதற்குள் முடிவாகிவிடும். அந்தக் காலத்து ரெட்டைத் தம்ளரைவிடப் பேப்பர் கப்பு சவுகரியம், கேட்டால் சுத்தம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இன்னொன்று. அறையை உடைத்ததற்கும் தங்கினதற்கும் 130 ரியால் கட்டு என்று விடுதிக்காரன் நிற்கிறான். அதிகாரி கையில் காசில்லை. என்ன செய்கிறார்? ஒரு பையை எடுத்துக்கொண்டு தெருவில் காலி பாட்டில் பொறுக்கி விற்கிறார். நன்றாகத்தான் யோசித்திருக்கிறார்கள், எந்த நாட்டு சினிமாவிலும் இப்படி ஒரு போலீசை நான் பார்த்ததில்லை. ஆனால் பொறுக்கி முடித்துக் கையைக் கழுவினால் அந்த வேலை அவரை விட்டுப் போய்விடுகிறது. நம் ஊரில் அது கையோடு ஒட்டிக்கொள்ளும். மகன் கைக்கும் போகும்.

குறை சொல்லவே உட்கார்ந்தேன் என்று நினைக்க வேண்டாம். இந்தக் கேமில் என்னை உட்காரவைத்தது அந்த ஆளின் தலைக்குள் நடக்கிற கூச்சல். மொத்தம் 24 குரல்கள். தர்க்கம் ஒரு குரல், பரிவு ஒரு குரல், அதிகாரம் ஒரு குரல், போதைக்கு இழுக்கிற குரல், பயந்து கையை ஓங்கச் சொல்கிற குரல். எதிரே ஒருத்தர் பேசிக்கொண்டிருக்கும்போதே இவை ஒவ்வொன்றும் குறுக்கே விழுந்து யோசனை சொல்கின்றன. எந்தக் குரலை வளர்க்கிறோமோ அந்த மாதிரி அதிகாரியாக அவன் ஆகிறான். அதிகாரத்தை வளர்த்தால் சும்மா நிற்கிற கிழவனைப் பார்த்தும் 'மரியாதை இல்லை, தட்டி வை' என்கும். முக்கியமான இடங்களில் ரெண்டு தாயக்கட்டை உருளும். விழுந்தால் ஆச்சு, விழாவிட்டால் அவமானப்பட்டுக் கதை வேறு பக்கம் போகும். தோற்றாலும் கதை நிற்பதில்லை. போராட்டத்தில் இருக்கிறவர்களுக்கு இது பிடிக்கும்.

துப்பறிகிற கதையில் துப்பறிபவனையே விசாரணைக்கு உட்படுத்துகிற வேலை இது. நாம் படித்த துப்பறியும் கதைகளில் இது கிடையாது. தமிழ்வாணனின் சங்கர்லால் டீ குடிப்பார், கண்டுபிடிப்பார். சுஜாதாவின் கணேஷும் வசந்த்தும் கிண்டலடிப்பார்கள், கண்டுபிடிப்பார்கள். ராஜேஷ்குமார் நம் பக்கத்து கோவைக்காரர். அவருடைய விவேக்கைப் படிக்காமல் தொண்ணூறுகளில் திருப்பூர் பஸ்சில் யாரும் வீடு திரும்பியதில்லை. நானும் செக்கிங் டேபிளுக்குக் கீழே வைத்துப் படித்தவன்தான், ருசி மறக்கவில்லை. ஆனால் அவர்கள் தலைக்குள் என்ன குரல் பேசியது? சொத்துக்காகக் கொலை, கள்ள உறவுக்காகக் கொலை, பழிக்காகக் கொலை எல்லாம் வந்தது. சேரிப் பையன் ஏன் செத்தான் என்று அவர்களில் ஒருவர் கார் ஏறி வந்ததாக நான் படித்த எதிலும் இல்லை.

அந்த 24 குரலில் சாதி இல்லை. எஸ்தோனியாக்காரனிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது. ஆனால் இனவெறி இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. கூட வருகிற அதிகாரி கிம் கிட்சுராகி, ஒழுங்கானவர், கையில் எப்போதும் நோட்டு. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். முகச்சாடை மட்டும் வேறு தேசத்துச் சாடை. லாரி டிரைவர் ஒருத்தன் அவரைப் பார்த்து, வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கினவரை வரவேற்கிற மாதிரி வரவேற்கிறான். கிம் முகத்தில் ஒன்றும் காட்டுவதில்லை. நோட்டில் எழுதிக்கொண்டு நகர்கிறார். அந்த இடத்தில் மாப்ள கேமை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆபீசில் 'நீங்க பாத்தா அப்படித் தெரியலீங்களே' என்று பாராட்டு வாங்கின ஒவ்வொருத்தருக்கும் அந்த முகம் தெரியும்.

நம் நாட்டில் சாதி இருபத்தைந்தாவது குரலாகத் தனியாகப் பேசாது. அப்படிப் பேசினால் அடையாளம் கண்டுவிடலாம். அது தர்க்கத்தின் குரலில் பேசும். 'படிச்ச பையன், காதல் தோல்வி, தண்டவாளத்துல தலையைக் குடுத்துட்டான்.' கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது!

இங்கேதான் அந்த முடிச்சு. மரத்தில் தொங்குகிறவனை ரெண்டு அதிகாரிகளும் கஷ்டப்பட்டு இறக்கி, நாற்றத்தில் வாந்தியெடுத்து, அங்கேயே உடலைச் சோதிக்கிறார்கள். சரியாகத் தேடினால் மண்டைக்குள் ஒரு தோட்டா கிடைக்கிறது. தூக்கு அவனைக் கொல்லவில்லை. செத்த பிறகு தொங்கவிட்டிருக்கிறார்கள். ஊர் முழுக்கச் சொன்ன கதை ஒன்று, உடம்பு சொல்கிற கதை வேறொன்று. இந்தக் காட்சியை நான் பொழுதுபோக்காக விளையாட முடியவில்லை. 2015 ஜூன் 23 அன்று ஓமலூர் கோகுல்ராஜ் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலிலிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. பொறியியல் படித்த தலித் இளைஞர், கூடவந்த தோழி கவுண்டர் சாதி. தற்கொலை என்கிற கதைதான் முதலில் நடந்து போனது. பிரேதப் பரிசோதனைக்காகவே போராட வேண்டியிருந்தது. அந்த வழக்கை விசாரித்த டி.எஸ்.பி. விஷ்ணுப்பிரியா தலித் பெண். 2015 செப்டம்பர் 18 அன்று அவரே தன் குடியிருப்பில் தூக்கில் பிணமாகக் கிடந்தார். இங்கே மரத்துக்குக் கீழே நோட்டோடு நிற்க வேண்டியவரைத்தான் மேலேயிருந்து இறக்கினார்கள்.

கோயில் கேமரா இல்லாவிட்டால் அந்த வழக்கு நின்றிருக்காது. கூடவந்த தோழி கோர்ட்டில் பிறழ் சாட்சியானார். 2022இல் உயர் நீதிமன்றம் கூப்பிட்டு கேமராப் பதிவைப் போட்டுக் காட்டியபோது, படத்தில் இருக்கிற பெண் நானில்லை என்றார். அவர் எந்த வீட்டில், யார் நடுவில் இருந்துகொண்டு அதைச் சொன்னார் என்று யோசிக்காமல் அவரைத் திட்ட எனக்கு மனமில்லை. மதுரை தனி நீதிமன்றம் 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் 2023 ஜனவரியில் தாங்களே அந்தக் கோயிலுக்குப் போய், கேமரா எங்கே இருந்தது, எது தெரிந்திருக்கும் என்று பார்த்துவிட்டு வந்தார்கள். ஜூன் 2இல் யுவராஜின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தார்கள். எட்டு வருசம். கேமில் இது ரெண்டாவது மூன்றாவது நாள் வேலை.

கேம் முழுக்கத் துரத்துகிற கேள்வி 'யார்?' என்பதுதான். விடை கிடைத்தால் கதை முடிகிறது. நம் விவகாரத்தில் 'யார்' என்பது முதல் மணி நேரத்திலேயே ஊருக்குத் தெரியும். எங்கள் மாவட்டத்து உடுமலையில் 2016 மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை, பஸ் ஸ்டாண்டு பக்கம், பட்டப்பகல். சங்கரையும் கவுசல்யாவையும் வெட்டியதை கேமரா பார்த்தது. நாடே போனில் பார்த்தது. அங்கே துப்பறிய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அரிவாள் பிடித்த கை தெரிந்தது. அந்தக் கையை அனுப்பியது யார் என்று கேமராவுக்குத் தெரியாது. திருப்பூர் நீதிமன்றம் 2017 டிசம்பர் 12இல் கவுசல்யாவின் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்கு என்றது. 2020 ஜூன் 22இல் உயர் நீதிமன்றம், சதி நிரூபிக்கப்படவில்லை என்று தந்தையை விடுதலை செய்தது, மற்ற ஐந்து பேர் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தூக்கு வேண்டும் என்று கேட்கிறவன் அல்ல நான். ஆனால் பட்டப்பகலில் எல்லோரும் பார்த்த கொலையில்கூட 'யார்' என்கிற சொல்லுக்கு இரண்டு கோர்ட்டில் இரண்டு அர்த்தம் வந்தது.

வேங்கைவயலில் அந்தச் சொல் இன்னும் கொடூரமாகத் திரும்பியது. 2022 டிசம்பரில் தலித்துகளின் குடிநீர்த் தொட்டியில் மலம். யார் என்று கண்டுபிடிக்க, அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களிடமே ரத்தம் கேட்டார்கள். 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. போட்ட குற்றப்பத்திரிகையில் மூன்று பேர், மூன்று பேருமே வேங்கைவயல்காரர்கள். துப்பறிதல் என்பது எப்போதும் குற்றவாளியை நோக்கித்தான் நகரும் என்கிற நம்பிக்கை துப்பறியும் கதை படிக்கிறவனுக்கு இருக்கும். பாதிக்கப்பட்டவனுக்கு அந்த நம்பிக்கை கட்டுப்படியாகாது.

கேமுக்குத் திரும்புகிறேன். கொலை நடக்கிற துறைமுகத்தில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு பக்கம் வைல்ட் பைன்ஸ் என்கிற கம்பெனி, இன்னொரு பக்கம் சங்கம். வாசலில் வேலை கேட்டு நிற்கிற கருங்காலிகள். கம்பெனி இறக்கிவிட்ட கூலிப்படை. கன்டெய்னர் மேல் கன்டெய்னராக அடுக்கியிருக்கிற அந்தப் படத்தைப் பார்த்ததும் தூத்துக்குடிக்கு ஏறுகிற பனியன் பெட்டிகள்தான் எனக்கு ஞாபகம் வந்தன. சங்கத் தலைவர் எவ்ரார்ட் கிளேர் பசப்பாகச் சிரித்துக்கொண்டே ஆளை வளைக்கிறவர். கம்யூனிஸ்டு, முதலாளித்துவவாதி, இனவெறியன், நடுநிலைவாதி எல்லோரையும் ஒரே தராசில் வைத்துக் கிண்டலடிக்கிறார்கள் என்று சில தோழர்களுக்குக் கோபம் வரும். எனக்கு வரவில்லை. திருப்பூரில் 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அந்த வீரத்தை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் சாயத் தொட்டிக்குள் இறங்குகிறவன் யார், கம்பெனிக் கக்கூசைக் கழுவுகிறவள் யார் என்ற பேச்சு எடுத்தால் 'தொழிலாளி ஒற்றுமையக் கெடுக்காதீங்க' என்ற பதிலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சங்கத்தைக் கிண்டலடிப்பவன் எல்லாம் முதலாளி கையாள் இல்லை.

2019 டிசம்பரில் விருது வாங்கிய மேடையில் இந்தக் கேம்காரர்கள் மார்க்சுக்கும் ஏங்கெல்சுக்கும் நன்றி சொன்னார்கள். அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. குர்விட்சும் வேறு இரண்டு முக்கியப் படைப்பாளிகளும் 2021 இறுதியில் அவர்கள் விருப்பத்துக்கு மாறாக வெளியேற்றப்பட்டார்கள் என்று 2022இல் தெரியவந்தது. பங்கு யார் கையில் என்கிற சண்டை, வழக்கு. கம்பெனி வேறு காரணம் சொல்கிறது. கேமின் பேரும் கதாபாத்திரங்களும் இன்று கம்பெனியுடையவை. துணியை நெய்தவனுக்கு லேபிள் சொந்தமில்லை என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

மாணவத் தோழர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கதை எழுத வந்தோம், கவிதை எழுத வந்தோம், சுயசரிதை எழுதினோம், படம் எடுக்கவும் வந்துவிட்டோம். இதையும் யாராவது கையில் எடுங்கள். படம் போடத் தெரிந்தவன் இருக்கிறான், கம்ப்யூட்டர் படித்தவன் ஹாஸ்டலுக்கு நாலு பேர் இருக்கிறான், எழுத நாம் இருக்கிறோம். நம் கேமில் 'யார்' என்கிற புதிர் வேண்டாம். அது முதல் காட்சியிலேயே தெரிந்துவிடட்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரி. குற்றப்பத்திரிகைக்குக் கெடு அறுபது நாள். சாட்சிக்குப் பாதுகாப்பு கொடு என்று 15ஏ பிரிவு சொல்கிறது. வேலையில் அலட்சியம் காட்டுகிற அதிகாரிக்கே தண்டனை என்று 4ஆம் பிரிவு சொல்கிறது. இதெல்லாம் விளையாட்டின் விதிகளாக ஏற்கெனவே அச்சில் இருக்கின்றன. விளையாட எதிராளியைச் சம்மதிக்கவைப்பதுதான் விளையாட்டு.

நானும் மாப்ளயும் முதல் காட்சியைப் பேசிப் பார்த்தோம். இடம் போலீஸ் ஸ்டேஷன், நேரம் ராத்திரி பதினொண்ணு. செத்தவனின் அம்மா, மனு எழுதின தோழர், ஊரிலிருந்து வந்த நாலைந்து பேர். ஏட்டையா மனுவைப் படித்துவிட்டு, 'சாதிப் பேரச் சொல்லித் திட்டுனாங்கங்கற வரிய மட்டும் எடுத்துருங்க, இப்பவே எப்.ஐ.ஆர். போட்டுக் குடுத்தர்றேன்' என்கிறார். அந்த வரியை எடுத்தால் ரசீது உடனே கிடைக்கும், சட்டம் கைவிட்டுப் போகும். எடுக்காவிட்டால் 'ஐயா வரட்டும்' என்பார். ஐயா காலையில்தான் வருவார். வந்தாலும் முதலில் கிடைப்பது எப்.ஐ.ஆர். இல்லை, சி.எஸ்.ஆர். ரசீது. கட்டை உருளுகிற இடம் இது. இதற்கு எந்தத் திறமை வேண்டும் என்று பட்டியல் போட்டோம்: சட்டப் பிரிவு ஞாபகம், பத்திரிகைக்காரர் போன் நம்பர், பசி தாங்குதல், அழுகிற அம்மாவை எழுந்து போய்விடாமல் உட்காரவைத்தல். மாப்ள ஸ்டேஷன் பெஞ்சை வரைந்து காட்டினான். நன்றாகத்தான் வரைந்திருந்தான், மூன்று பேர் உட்காரலாம். நீளத்தைக் கூட்டச் சொல்லியிருக்கிறேன், விடியும் வரை ஏழு பேர் உட்கார வேண்டும்.